சிங்கப்பூர் – நியூயார்க்: தூரத்துக்கும் பயண நேரத்துக்கும் ஏன் இந்த வேறுபாடு?

கேள்வி:
வணக்கம். நியூயார்க்கில் இருக்கும் என் தங்கையின் பேறுகாலத்துக்கு உதவியாக, 68 வயதான அம்மாவைச் சிங்கப்பூரிலிருந்து அழைத்துச் செல்ல வேண்டியிருக்கிறது. இரு நகரங்களுக்கும் இடையே சுமார் 15,350 கிலோமீட்டர் என்கிறார்கள். மணிக்கு 900 கிலோமீட்டர் என்று வகுத்துப் பார்த்தால் 17 மணி நேரம்தான் வருகிறது. நேரடி விமானத்துக்கோ 18 மணி நேரத்துக்கும் மேல் போட்டிருக்கிறார்கள். இது எதனால்? அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. ஒரே மூச்சில் போய்விடலாமா, இடையில் ஓரிடத்தில் இறங்கிப் போவது நல்லதா?

மறுமொழி 1:
உங்கள் வகுத்தல் சரியே. சிங்கப்பூர் கிழக்கே 104 பாகையிலும் நியூயார்க் மேற்கே 74 பாகையிலும் இருப்பதால், இரண்டும் உலக உருண்டையின் ஏறக்குறைய எதிரெதிர்ப் பக்கங்களில் அமைந்துவிட்டன. வீட்டில் உலக உருண்டை இருந்தால் இவ்விரு ஊர்களுக்கும் இடையே ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். அது தாய்லாந்து, சீனா, மங்கோலியா, சைபீரியா என்று நேர் வடக்கே ஏறி, வட துருவத்தை ஒட்டிக் கடந்து, கனடா வழியாக இறங்கும். நீங்கள் சொல்லும் 15,350 கிலோமீட்டர் அந்த நூலின் நீளம்.

விமானம் பெரும்பாலும் அந்த வழியில் போவதில்லை. ஏறத்தாழ பத்துக் கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் காற்று குளிர்காலத்தில் மணிக்கு 200 கிலோமீட்டரையும் தாண்டும் என்பதால், தூரம் கூடினாலும் பரவாயில்லை என்று வட பசிபிக் வழியாகப் போவதுண்டு. திரும்பும்போதும் பல நாட்களில் அட்லாண்டிக், ஐரோப்பா வழியாகக் கிழக்கு நோக்கியே பறக்கிறார்கள். அப்படி அமைந்தால் போய்வரும் பயணி உலகையே ஒரு சுற்றுச் சுற்றியிருப்பார். ஓடுபாதைக்கு ஊர்ந்து போகும் நேரமும் அட்டவணையில் அடக்கம்.

மறுமொழி 2:
பிராங்பர்ட் வழியாகப் போனால் முதற்கட்டம் சுமார் 10,300, அடுத்தது 6,200 கிலோமீட்டர்; காத்திருப்பையும் சேர்த்தால் ஏறத்தாழ ஒரு நாள் ஆகிவிடும். என் மாமனாரை ஒருமுறை இடையில் இறக்கி அழைத்துச் சென்றேன். உட்கார்ந்திருந்ததைவிட, கைப்பையோடு இறங்கி நடந்து மறுபடி பாதுகாப்புச் சோதனைக்கு நின்றதில்தான் அவருக்குக் கால் வீங்கியது. ஆகவே நேரடிப் பயணமே மேல் என்பது என் கருத்து. நடைபாதையோர இருக்கை எடுங்கள். மணிக்கு ஒருமுறை அம்மாவை எழுப்பிப் பின்கட்டு வரை நடக்க வையுங்கள். தண்ணீர் கொடுத்துக்கொண்டே இருங்கள். நீண்ட நேரம் அசையாமல் உட்கார்ந்தால் காலின் இரத்த நாளங்களில் இரத்தம் உறையக்கூடும் என்பதால், அழுத்தக் காலுறை தேவையா என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். சக்கர நாற்காலி வேண்டுமென்று பயணச்சீட்டு எடுக்கும்போதே சொல்லிவிடுவது நல்லது.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. நேரடி விமானத்திலேயே போகிறோம். அம்மா காலை எட்டு மணிக்கு இரத்த அழுத்த மாத்திரை போடுபவர். அங்கே நேரத்தை எப்படி மாற்றுவது?

மறுமொழி 2:
நேர வேறுபாடு கோடையில் சரியாக 12 மணி, குளிர்காலத்தில் 13. நீங்கள் கோடையில் போவதானால் அம்மாவின் முள் கடிகாரத்தைத் திருப்பவே வேண்டாம். அது எட்டு காட்டும்போது அங்கேயும் எட்டுதான், காலை மட்டும் இரவாகியிருக்கும். மாத்திரையை எந்த எட்டுக்குப் போடுவது என்பதை மருத்துவரிடம் எழுதி வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.