பழைய செருப்பு 14 ஜோடி: கணக்குப் பார்க்கப் போன இடத்தில் கிடைத்த தொழில்

கணக்குப்பிள்ளை:

சினிமாவுக்குச் சத்தம் கொடுக்கும் இந்தத் தொழிலுக்கு எப்படி வந்தீர்கள் என்று கேட்பவர்களிடம் நான் சொல்லும் பதிலை முதலில் யாரும் நம்புவதில்லை. ஒரு வவுச்சரைப் பார்த்து வந்தேன்.

அப்போது ஒரு ஆடிட்டரிடம் உதவியாளராக இருந்தேன். வேறு வேறு நிறுவனங்களுக்குப் போய் உட்கார்ந்து, பில்லையும் பேரேட்டையும் ஒத்துப் பார்த்து டிக் போடும் வேலை. ஒருமுறை ஒரு ஒலிப்பதிவுக் கூடத்துக்கு அனுப்பினார்கள். மைக், கேபிள், வாடகை எல்லாம் சரியாக இருந்தன. நடுவில் ஒரு வவுச்சர்: பழைய செருப்பு, ஷூ, 14 ஜோடி. அடுத்தது: உடைந்த குடை 3. அதற்கும் அடுத்தது: துருப்பிடித்த கதவுக் கீல், ஒரு பை. யாரோ வீட்டுச் செலவைக் கம்பெனிக் கணக்கில் எழுதுகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் உடைந்த குடையைக் காசு கொடுத்து வாங்கி வீட்டுக்கு எடுத்துப் போகிறவர் யார்?

மேலாளரிடம் கேட்டேன். "உள்ள அக்கா இருக்காங்க, அவங்களையே கேளுங்க" என்று ஒரு கனமான கதவைக் காட்டினார்.

உள்ளே பழைய சாமான் கடை போல இருந்தது. தரையில் சதுரம் சதுரமாகக் குழிகள். ஒன்றில் மணல், ஒன்றில் ஜல்லி, ஒன்றில் மரப்பலகை, ஒன்றில் பளிங்குக்கல். திரையில் ஒரு பருமனான ஆள் படியேறிக்கொண்டிருந்தார். திரைக்கு எதிரே, ஒல்லியான, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி ஆண்கள் ஷூ போட்டுக்கொண்டு நின்ற இடத்திலேயே நடந்துகொண்டிருந்தார். டேக் முடிந்து சிவப்பு விளக்கு அணைந்ததும் திரும்பினார்.

"யாரு தம்பி?"

"ஆடிட்டிங்லேர்ந்து வர்றேங்க்கா. அந்தச் செருப்பு 14 ஜோடி…"

"ஒண்ணு கால்ல இருக்கு. மிச்சம் 13 அந்த அலமாரில. எண்ணிக்கோங்க."

எண்ணினேன். சரியாக இருந்தது.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. படப்பிடிப்பில் மைக் பெரும்பாலும் வசனத்தைப் பிடிக்கத்தான் வைக்கப்படுகிறது. காலடி, துணி உரசல், மேசையில் கோப்பை வைக்கும் சத்தம் எல்லாம் அதில் சரியாக விழாது. விழுந்தாலும், இன்னொரு மொழிக்கு டப்பிங் செய்யும்போது மூல வசனத்தை எடுத்தால் அதனோடு ஒட்டியிருந்த சத்தங்களும் போய்விடும். அதனால் படத்தைப் பார்த்துக்கொண்டே அத்தனை சத்தங்களையும் ஒருவர் உடம்பால் நடித்துக் கொடுக்க வேண்டும். அதற்கு ஃபோலி என்று பெயர். ஜாக் ஃபோலி (1891–1967) என்ற அமெரிக்கரின் பெயர் அது. பேசும் படம் வந்த புதிதில், 1929-ல், ஊமைப்படமாக எடுத்து வைத்திருந்த ஒரு படத்துக்கு அவரும் கூட இருந்தவர்களும் திரையைப் பார்த்தபடியே சத்தம் கொடுத்தார்கள். அடிப்படையில் இன்றைக்கும் அதே முறைதான்.

அன்று அக்கா அந்தப் படிக்கட்டுக் காட்சியைப் போட்டுக் காட்டினார். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "ஆறாவது படியில அவர் லேசாத் தடுமாறுறாரு. சத்தம் தடுமாறலையே" என்றேன். சொன்ன பிறகுதான் பயம் வந்தது. அவர் திரும்ப ஓட்டிப் பார்த்தார். இன்னொரு முறையும் பார்த்தார். அப்புறம் ஷூவைக் கட்டிக்கொண்டு அந்த ஒரு படியை மட்டும் மறுபடி எடுத்தார்.

"உங்க வேலையும் என் வேலையும் ஒண்ணுதான் தம்பி. படம் ஒரு பேரேடு, சத்தம் ஒரு பேரேடு. ரெண்டும் ஒத்துப் போகணும்" என்றார். அன்றிலிருந்து நான் அவருக்குக் கணக்குப்பிள்ளை.

சனிக்கிழமைகளில் போக ஆரம்பித்தேன். முதல் நாலு மாதம் மைக் பக்கமே விடவில்லை. செருப்புகளைத் துடைத்து அடுக்குவது, கீல்களை எண்ணெய் படாமல் பார்த்துக்கொள்வது (எண்ணெய் பட்டால் கிறீச் போய்விடும், அப்புறம் அந்தக் கீலை எதற்கு வைத்துக்கொள்வது), இதுதான் வேலை. கூடவே வீட்டுப்பாடம் ஒன்று. தினமும் இருபது சத்தம் எழுத வேண்டும், ஆனால் பொருளின் பெயரை எழுதக் கூடாது. "கதவு சாத்தும் சத்தம்" என்று எழுதினால் அடித்துவிடுவார். எப்படித் தொடங்கியது, நடுவில் என்ன செய்தது, எப்படி அடங்கியது என்றுதான் எழுத வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரே வழியில் செய்தேன். நோட்டில் கோடு போட்டு மூன்று பத்தி பிரித்தேன்: தலை, உடல், வால். அதைப் பார்த்து அவர் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. ஆனால் அந்த நோட்டுதான் இன்றைக்கும் எனக்குச் சோறு போடுகிறது. நனைந்த தோலுக்கும் பழைய மரத்துக்கும் வால் ஒன்றுபோல இருக்கும் என்பதெல்லாம் அதில் எழுதி எழுதித்தான் தெரிந்தது.

ஒருவழியாக நடக்க விட்டார். திரையில் ஒரு முதியவர் நீண்ட வராந்தாவில் தனியாக நடக்கிறார். ஒவ்வொரு அடியையும் பிசகாமல் பிடித்தேன். போட்டுக் கேட்டால் பிணம் நடப்பது போல இருந்தது.

"காலைப் பார்த்து நடந்தா கால்தான் நடக்கும். தோளைப் பாருங்க" என்றார்.

பாதிக் காட்சிகளில் கால் ஃபிரேமிலேயே இருக்காது. இருந்தாலும் உடம்பின் பாரம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைத் தோள்தான் முதலில் சொல்லும். அன்று ஒரே காட்சியை இருபத்தைந்து முறைக்கு மேல் எடுத்தோம்.

இன்னொரு விஷயமும் அவரிடம் கற்றது. அவசரத்தில் அடி முன்னால் விழுந்தால் உடனே தப்பாகத் தெரியும். கொஞ்சம் பின்னால் விழுந்தால் காது மன்னிக்கும். காரணம் கேட்டதற்கு, "மின்னல் முதல்ல, இடி பின்னால. பொறந்ததுலேர்ந்து அப்படித்தானே பார்க்குறோம்" என்றார். பிறகு தேடிப் பார்த்தேன். ஒளிபரப்புக்கான சர்வதேசப் பரிந்துரையிலேயே அப்படித்தான் இருக்கிறது. சத்தம் படத்தைவிட 45 மில்லிசெகண்ட் அளவுக்கு முந்தினாலே பார்ப்பவர் கவனித்துவிடுவார், பிந்தினால் 125 வரை தெரியாது. நொடிக்கு 24 ஃபிரேம் ஓடும் படத்தில் 45 மில்லிசெகண்ட் என்பது ஒரு ஃபிரேமைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். அக்காவுக்கு இந்த எண்கள் தெரியாது. நான் சொன்னபோது "சரி, எழுதி வச்சுக்கோ" என்றார்.

தற்செயலைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1977-ல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் ஒலி வடிவமைப்பாளர் பென் பர்ட், அதில் வரும் ஒளிவாளின் ரீங்காரத்துக்குப் பழைய புரொஜெக்டர் மோட்டாரின் முனகலை எடுத்தார். கூடவே, கேபிள் பழுதான ஒரு மைக் டிவிக்கு அருகே போனபோது தானாக வந்த இரைச்சலையும் சேர்த்துக்கொண்டார். வேறு யாராவது அந்த கேபிளைத் தூக்கிப் போட்டிருப்பார்கள். எனக்கும் சின்ன அளவில் ஒன்று நடந்தது. பழைய மரக்கப்பல் புயலில் முனகும் காட்சி. இரண்டு நாள் பலகையை வளைத்தேன், கயிற்றை முறுக்கினேன், ஒன்றும் சரிவரவில்லை. வெறுத்துப்போய்க் கணக்கு அறையில் வந்து பொத்தென்று உட்கார்ந்தேன். முன்பு நான் உட்கார்ந்து டிக் போட்ட அதே நாற்காலி. கப்பல் முனகியது. கதைக்காகச் சொல்கிறேன் என்று நினைப்பீர்கள், பரவாயில்லை. அந்த நாற்காலி இப்போது கூடத்துக்குள் இருக்கிறது, உட்கார யாரையும் விடுவதில்லை.

ஆடிட்டர் வேலையை விட்டதைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு வருடம் இரண்டையும் பார்த்தேன். அப்புறம் ஒன்றுக்கு நேரம் இல்லாமல் போனது. உங்கள் கதைகளையும் எழுதுங்கள்.

*

மைவிரல்:

நல்ல அக்கா கிடைத்திருக்கிறார் உங்களுக்கு. எனக்கு நடந்தது வேறு.

புத்தக அட்டை வடிவமைக்கும் ஒருவரிடம் இரண்டு வருடம் உதவியாளராக இருந்தேன். பெயரைச் சொல்லப் போவதில்லை. நான் போட்ட அட்டைகள் அவர் பெயரில் வந்தன. முதல் முறை, "அதுதான் முறை போல" என்று விட்டேன். மூன்றாவது முறை கேட்டேன். "கத்துக்கிற காலத்துல பேர் எதுக்கு" என்றார். அந்த இரண்டு வருடத்தில் அவர் எனக்குக் கற்றுக்கொடுத்தது என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் உண்மையிலேயே யோசிக்க வேண்டியிருக்கிறது.

விலகியபின் வேறு வழியில்லாமல் ஒரு ஆஃப்செட் அச்சகத்தில் இரவு ஷிப்டில் புரூஃப் சரிபார்க்கச் சேர்ந்தேன். தோற்றுப்போய் வந்த இடம் என்றுதான் நினைத்திருந்தேன். அங்கிருந்த மெஷின்மேன் அண்ணன் ஒருநாள் ஒரு அட்டையை என் முன்னால் போட்டு, லூப்பை (அச்சைப் பெரிதாக்கிப் பார்க்கும் சின்னக் கண்ணாடி) கையில் கொடுத்து, "இந்த எழுத்தைப் பாருங்க" என்றார். கறுப்பு எழுத்தைச் சுற்றி ஊதாவும் மஞ்சளும் கசிந்திருந்தன. வடிவமைத்தவர் எழுத்தின் கறுப்பை நாலு கலரிலும் கலந்து வைத்திருந்தார். அச்சில் ஒவ்வொரு கலருக்கும் ஒரு பிளேட். நாலு பிளேட்டும் ஒன்றன்மேல் ஒன்று மயிரிழை பிசகாமல் உட்கார்ந்தால்தான் எழுத்து சுத்தமாக விழும். எப்போதும் அப்படி உட்காராது. சின்ன எழுத்துக்குக் கறுப்பு பிளேட் ஒன்றே போதும்.

எனக்கு முகம் சிவந்தது. நான் போட்ட (அவர் பெயரில் வந்த) அட்டைகளிலும் இதே தப்பு இருந்தது.

அதன்பின் ஓய்வு நேரமெல்லாம் மெஷின் பக்கத்தில்தான். தாளின் நார் எந்தத் திசையில் ஓடுகிறதோ அதற்கு எதிராக மடித்தால் புத்தகத்தின் முதுகு விரியும். வெட்டும்போது கத்தி நகரும் என்பதால் ஓரத்தில் 3 மில்லிமீட்டர் கூடுதலாக விட வேண்டும். முதுகின் அகலத்தைப் பக்க எண்ணிக்கை மட்டும் தீர்மானிக்காது, தாளின் கனமும் சேர்ந்துதான் தீர்மானிக்கும். அந்த அண்ணன் வாழ்நாளில் ஒரு அட்டை வரைந்ததில்லை. ஆனால் என் அட்டைகளைத் திரையில் பார்க்காமல் கையில் பிடித்துப் பார்க்கப் பழக்கியவர் அவர்தான். இப்போது தனியாக அட்டை செய்கிறேன். ஒவ்வொன்றின் முதல் பிரதியும் அவருக்குப் போகும். உள்ளே என்ன கதை என்று ஒருநாளும் கேட்டதில்லை, நேரே லூப்பை எடுத்துவிடுவார்.

*

பென்சில் சீவி:

சுருக்கமாக என்னுடையது. ஆய்வகத்தில் திசு மாதிரிகளைச் சீவிச் சாயமேற்றும் வேலையில் இருந்தேன். பொழுது போகாமல் நுண்ணோக்கியில் தெரிவதை ரிப்போர்ட் தாளின் பின்பக்கம் வரைவேன். ஒருநாள் அந்தத் தாள் தவறுதலாக ரிப்போர்ட்டோடு ஒரு பேராசிரியரிடம் போய்விட்டது. கூப்பிட்டு அனுப்பினார். திட்டு விழும் என்று நடுங்கிக்கொண்டே போனேன். "எல்லாத்தையும் வரைஞ்சிருக்கீங்க. மாணவன் எதைப் பார்க்கணுமோ அது மட்டும் எங்கே?" என்று கேட்டார்.

அந்த ஒரு கேள்வியில் மூன்று வருடம் போனது. புகைப்படம் இருக்கும்போது மருத்துவப் புத்தகத்துக்கு ஓவியம் எதற்கு என்று பலர் கேட்பார்கள். அறுவை செய்யும் இடத்தைப் படம் எடுத்தால் ரத்தமும் துணியும் கையுமாக இருக்கும். ஓவியர் அதில் நரம்பை மட்டும் முன்னால் கொண்டுவருவார், வேண்டாததை மங்க விடுவார். இதற்கென்றே 1911-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் மாக்ஸ் புரோடல் தலைமையில் ஒரு தனித் துறை தொடங்கினார்கள் என்பதே எனக்கு அந்தப் பேராசிரியர் சொல்லித்தான் தெரியும். இப்படி ஒரு தொழில் இருக்கிறது என்று தெரியாமலேயே அதை ரிப்போர்ட் தாளின் பின்பக்கம் செய்துகொண்டிருந்திருக்கிறேன்.

மைவிரலுக்கு: உங்கள் மெஷின்மேன் அண்ணனும் என் பேராசிரியரும் சந்தித்தால் நன்றாகச் சண்டை போடுவார்கள். அவர் நாலு கலரில் கறார் என்றால் இவர் கறுப்பு வெள்ளையைத் தாண்ட விடமாட்டார்.

*

புதியவன்:

எல்லாம் படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் என்னைப் போன்றவனுக்கு ஒரு சந்தேகம். நான் ஏழெட்டுப் பேருக்கு "உங்களிடம் கற்றுக்கொள்ள விரும்புகிறேன்" என்று எழுதிவிட்டேன். ஒருவரும் பதில் போடவில்லை. கணக்குப்பிள்ளை சார், நீங்கள் அந்த அக்காவிடம் என்னவென்று கேட்டீர்கள்?

*

கணக்குப்பிள்ளை:

தம்பி, யோசித்துப் பார்த்தால் நான் கேட்கவே இல்லை. "சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று வந்தவர்கள் சிலரை அக்கா திருப்பி அனுப்பியதைப் பார்த்திருக்கிறேன். பிறகு ஒருநாள் காரணம் கேட்டதற்கு, "அவங்க என்னைப் பத்தியே பேசினாங்க. நீங்க செருப்பைப் பத்திக் கேட்டீங்க" என்றார். அடுத்த முறை எழுதும்போது, அவர் செய்த ஒரு வேலையை நன்றாகப் பார்த்துவிட்டு, அதில் உங்களுக்கு நிஜமாகவே புரியாத ஒன்றைக் கேட்டு எழுதிப் பாருங்கள். அப்போதும் பதில் வராமல் போகலாம். ஆனால் "ஆமாம்", "இல்லை" என்று சொல்வதைவிட, செருப்பு எதற்கு என்று விளக்குவது பலருக்குச் சுலபம்.

மைவிரல் சொன்னதும் நியாயம். நாலு மாதம் செருப்பு துடைக்க வைத்தார் என்று நான் பெருமையாக எழுதியதை அவர் இடத்திலிருந்து படித்தால் வேறு மாதிரி இருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. ஒன்று மட்டும் சொல்கிறேன். நான் நடந்த முதல் படத்திலேயே பெயர்ப் பட்டியலில் என் பெயரும் வந்தது. அக்காதான் எழுதிக் கொடுத்தார், எழுத்துப் பிழையோடு.

இப்போது அவருக்கு முட்டி வலி, நடப்பதில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்கிறார். நேற்று ஒரு நீளமான டேக், மாடியிலிருந்து ஆறேழு பேர் ஓடி இறங்கும் காட்சி. அத்தனை பேரையும் ஒருவர் ஒருவராக நானே இறங்கி முடித்துவிட்டு, வியர்வையோடு நிமிர்ந்து பார்த்தேன். மைக்கில் ஒரே வார்த்தை வந்தது.

"ஆறாவது படி."

ஷூவை மறுபடி கட்டினேன்.