நைட் ஷிஃப்ட் முடித்து வந்து எங்கள் வீட்டில் தூங்கிப்போன அண்ணன்

அயனாவரம் தம்பி:

சபையின் வாலிபர் ஐக்கியத்திலோ ஞாயிறு பள்ளியிலோ உங்களைத் தாங்கிப் பிடித்த ஓர் அண்ணனையோ அக்காவையோ பற்றி எழுதுங்கள். ஐயரைப் பற்றி, அதாவது சபைப் போதகரைப் பற்றி வேண்டாம், அவருக்குச் சம்பளம் உண்டு. சம்பளமும் பஸ் காசும் இல்லாமல் வந்து போனவர்களைப் பற்றிச் சொல்லுங்கள். நானே ஆரம்பிக்கிறேன்.

எங்கள் ஐக்கியத் தலைவர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வெல்டர். ஷெல் பிரிவு, அதாவது ரயில் பெட்டியின் வெறும் கூட்டைச் செய்கிற இடம். சனிக்கிழமை சாயங்காலக் கூட்டத்துக்கு வரும்போது சில நாள் கண் இரண்டும் கோவைப்பழமாக இருக்கும். முழு இரவு ஜெபத்தில் அழுது அழுது சிவந்திருக்கிறது என்று பசங்கள் நாங்கள் நம்பினோம். ஒன்பதாம் வகுப்பு வரைக்கும் எனக்கு அந்த நம்பிக்கை இருந்தது. ஒருநாள் அவர் வீட்டுக்கு ஏதோ சாவி வாங்கப் போனேன். கண்மேல் உருளைக்கிழங்கு வில்லைகளை வைத்துக்கொண்டு மல்லாந்து கிடந்தார். வெல்டிங் வெளிச்சம் அடித்த எரிச்சலாம். சட்டைக் கையைப் பார்த்தால் பொறி பட்டுப் பொட்டுப் பொட்டாக ஓட்டை.

அவருக்குப் பேச்சு வராது. செய்தி கொடுக்கச் சொன்னால் வேதபகுதியை இரண்டு தடவை வாசித்துவிட்டு, "அவ்ளோதான்டா, இதுக்கு மேல நான் என்ன சொல்ல" என்று உட்கார்ந்துவிடுவார். வெளியூர் பேச்சாளர்கள் வந்து மைக்கில் முழங்கும்போது அவர் பின்னால் நின்று ஒயரை மிதிக்காமல் பார்த்துக்கொள்வார்.

2006-இல் நான் இன்ஜினியரிங் முதல் வருஷம். நாலு அரியர். ஆராதனை முடிந்து வராந்தாவில் டீ குடிக்கிற ஒவ்வோர் அங்கிளும் "எல்லாம் கிளியரா தம்பி?" என்று கேட்பார். இரண்டு வாரம் பொறுத்தேன். அப்புறம் கோயிலுக்குப் போவதையே நிறுத்திவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் வயிற்றுவலி, சனிக்கிழமை சாயங்காலம் தலைவலி. மூன்று மாதம் இப்படியே ஓடியது. கடவுள் இருக்கிறாரா இல்லையா என்பதெல்லாம் அப்போது என் பிரச்சினையே இல்லை. அந்த வராந்தாதான் பிரச்சினை.

ஒரு சனிக்கிழமை, காலை ஏழு மணி இருக்கும். வாசலில் டி.வி.எஸ். எக்ஸ்.எல். சத்தம். அண்ணன். நைட் முடித்து நேராக வந்திருக்கிறார், கையில் டிபன் கேரியர்கூட அப்படியே. எனக்கு அடிவயிற்றைப் பிசைந்தது. இன்றைக்கு ஒரு பிரசங்கம் நிச்சயம் என்று நினைத்தேன். அம்மா சுக்கு காபி போட உள்ளே போனார்கள். அவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, "அப்புறம்டா…" என்று ஆரம்பித்தார். அவ்வளவுதான். தலை சாய்ந்துவிட்டது. வாய் லேசாகத் திறந்திருக்கிறது, குறட்டை வேறு. அம்மா காபியுடன் வந்து பார்த்துவிட்டு, ஃபேனை ஒரு புள்ளி குறைத்து, தம்ளரை மூடி வைத்துவிட்டுப் போனார்கள். நான் எதிரே உட்கார்ந்து அந்த ஓட்டைச் சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு மணி நேரம்.

திடுக்கென்று எழுந்து, "ஐயோ, மணி என்னாச்சு?" என்று ஆறிப்போன காபியை ஒரே மடக்கில் குடித்தார். வண்டியை உதைத்துக்கொண்டே சொன்னார்: "நாளைக்கு நாற்காலி போட ஆள் இல்லடா. ஏழரைக்கு வந்துரு." அரியரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

போனேன். நாற்காலி போடுகிறவனை வராந்தாவில் யாரும் நிறுத்திக் கேள்வி கேட்பதில்லை என்பதை அன்றைக்குத்தான் கண்டுபிடித்தேன். அது அவருக்கு முன்பே தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

1 இராஜாக்கள் 19 வாசிக்கும்போதெல்லாம் அந்தக் காலை ஞாபகம் வரும். யேசபேலுக்குப் பயந்து ஓடிய எலியா சூரைச்செடியின் கீழே படுத்து, போதும் கர்த்தாவே, நான் சாகிறேன் என்கிறான். தூதன் வந்து தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடை. நம் தமிழ் வேதாகமத்தில் அது அடைதான், எனக்கு அதில் தனி சந்தோஷம். தின்றுவிட்டு மறுபடி படுத்துக்கொள்கிறான். தூதன் இரண்டாந்தரமும் வருகிறான், திரும்பவும் சாப்பிடச் சொல்கிறான். உனக்கு இங்கே என்ன காரியம் என்கிற விசாரணை எல்லாம் நாற்பது நாள் நடந்து ஓரேபுக்குப் போன பிறகுதான். எங்கள் கதையில் ஒரே வித்தியாசம், தூங்கிப்போனது தூதன்.

பட்டினப்பாக்கம் பொண்ணு:

எனக்கு அப்போது ஒன்பது வயது. 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். புது கவுனை விட மனசில்லாமல் அதையே போட்டுக்கொண்டு ஞாயிறு பள்ளிக்குப் போயிருந்தேன். சுனாமியில் கடல் உள்ளே வந்த பிறகு எங்கள் வீட்டில் எனக்கென்று மிஞ்சியது அந்த கவுன்தான்.

எங்களுக்கு வகுப்பெடுத்த அக்கா அப்போது பி.காம். இரண்டாம் வருஷம். அடுத்த ஞாயிறு நாங்கள் ஏழெட்டுப் பேர்தான் வந்திருந்தோம். என் பக்கத்தில் உட்காருகிற பெண்ணின் தம்பி இறந்துபோயிருந்தான். "ஏன்க்கா இயேசப்பா தண்ணிய நிறுத்தல? கதைல நிறுத்துனாரே" என்று அவள்தான் கேட்டாள். அதற்கு முந்தின மாதம்தான் அக்கா இயேசு கடலை அமர்த்திய அந்தக் கதையைப் படம் ஒட்டிச் சொல்லியிருந்தார்.

அக்கா ரொம்ப நேரம் சும்மா இருந்தார். பிறகு, "தெரியலம்மா. எனக்கும் கோவமாதான் இருக்கு" என்றார். சங்கீதம் 13-ஐ எடுக்கச் சொன்னார். முதல் இரண்டு வசனத்துக்குள் நாலு தடவை "எதுவரைக்கும்" வருகிறது. அந்த ஒரு சொல்லை மட்டும் எங்களைச் சத்தமாகச் சொல்லச் சொன்னார். நாங்கள் கத்தினோம். பக்கத்து அறையிலிருந்து யாரோ எட்டிப் பார்த்து, "என்ன சத்தம்?" என்று அதட்டினார்கள். "ஜெபம் பண்றோம்" என்றார் அக்கா.

பின்னால் எத்தனையோ பேர் வந்து கடவுளின் திட்டம் என்று விளக்கம் சொன்னார்கள். ஒன்றும் ஞாபகமில்லை.

வேப்பேரி தாத்தா:

எங்கள் காலத்தில் வாலிபர் ஐக்கியம் என்ற பேரெல்லாம் இல்லை. கிறிஸ்தவ முயற்சிச் சங்கம். பிரான்சிஸ் கிளார்க் என்ற போதகர் 1881-இல் அமெரிக்காவில், மெய்ன் மாநிலத்துப் போர்ட்லண்டில் தொடங்கியது, கப்பலேறி இங்கேயும் வந்து சேர்ந்தது. அதில் சேர்ந்தால் ஒவ்வொரு கூட்டத்திலும் ஏதாவது ஒரு பங்கு எடுப்பேன் என்று உறுதிமொழி கொடுக்க வேண்டும். ஒரு வசனமாவது சொல்ல வேண்டும், ஒரு வரியாவது ஜெபிக்க வேண்டும்.

எனக்குத் திக்குவாய். 'க' வந்தால் மாட்டிக்கொள்ளும். ஜெபத்தை எந்த எழுத்தில் ஆரம்பிப்பது, நீங்களே சொல்லுங்கள்! கர்த்தாவே என்பதற்குள் மற்றவர்கள் ஆமென் சொல்லிவிடுவார்கள்.

எங்கள் தலைவர் துறைமுகத்தில் குமாஸ்தா. என் முறை வருகிற அன்று என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "நான் கண்ணாடி கொண்டுவரல. உன் புஸ்தகத்துலயே நானும் சேர்ந்து வாசிக்கிறேன்" என்றார். சேர்ந்து வாசித்தோம். ஒரு எழுத்து திக்கவில்லை. இன்னொருவர் கூடவே வாசித்தால் திக்குவாய் பெரும்பாலும் அடங்கிவிடும், பேச்சுப் பயிற்சி தருகிறவர்கள் இன்றைக்கும் அதைப் பயன்படுத்துகிறார்கள். அது அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஏதோ தோன்றியிருக்கிறது, செய்தார். அதற்கப்புறம் இரண்டு வருஷம், என் முறை வந்தால் அவருக்குக் கண்ணாடி மறந்துபோகும். சட்டைப்பையில் கண்ணாடிக் கூடு துருத்திக்கொண்டிருக்கும்.

கொஞ்சம் கொஞ்சமாக அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டே வந்திருக்கிறார். ஒருநாள் பாதி அதிகாரத்தில் திரும்பிப் பார்த்தால் அவர் வாயே அசையவில்லை. உடனே திக்க ஆரம்பித்துவிட்டேன். அது வேறு விஷயம்.

பேரும் ஊரும் வேண்டாம்:

எல்லாரும் நல்லதாகவே எழுதுகிறீர்கள், என் அனுபவத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் வாலிபர் கூட்டத்தில் ஒரு நோட்டு இருந்தது. யார் வரவில்லையோ அவர்கள் பேரை வாசித்து, பின்மாற்றத்தில் போனவர்களுக்காக, அதாவது விசுவாசத்தை விட்டு விலகினவர்களுக்காக என்று எல்லோருமாக ஜெபிப்பார்கள். நான் ஒரு மாதம் வராததற்குக் காரணம் அப்பாவின் குடி. வீட்டில் தினம் சண்டை. அதை ஒரு தலைவரிடம் நம்பிச் சொன்னேன். அடுத்த வாரம் அது ஜெபக்குறிப்பாக மைக்கில் வந்தது. முன் வரிசையில் என் அம்மா உட்கார்ந்திருந்தார். ஜெபக்குறிப்பு என்ற போர்வையில் நடக்கிற வம்பு மாதிரி வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

இப்போது நான் எந்தக் கோயிலுக்கும் போவதில்லை. போகும் எண்ணமும் இல்லை. ஆனால் அதே கூட்டத்தில் எங்களுக்குப் பாட்டு சொல்லிக்கொடுத்த அக்கா ஒருவர், ஒவ்வொரு டிசம்பர் 31 இரவு ஆராதனையிலும் எனக்கென்று வேத வசனம் அச்சிட்ட ஒரு வாக்குத்தத்த அட்டை எடுத்துத் தபாலில் அனுப்புகிறார். பதினோரு வருஷமாக. அதில் வா என்று ஒரு தடவைகூட எழுதியதில்லை. பின்பக்கம், "மாங்கா ஊறுகா போட்டேன், கொரியர்ல அனுப்பவா?" என்கிற மாதிரி ஒரு வரி இருக்கும். அட்டைகளை வைத்திருக்கிறேன். ஏன் என்று கேட்காதீர்கள்.

மேடவாக்கம்:

மேலே எழுதியவருக்கு: உங்களுக்கு நடந்தது அநியாயம். இப்போது நானே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற இடத்தில் இருக்கிறேன், எங்கள் குழுவில் அந்த நோட்டு கிடையாது. சொன்னதை வெளியே சொல்லக் கூடாது என்பதுதான் முதலில் பழகுகிற பாடம். ஒரே ஒரு விதிவிலக்கு, பிள்ளையின் உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து என்றால். அப்போது கமுக்கமாக வைத்துக்கொள்வது தப்பு, குழந்தைகள் உதவி எண் 1098-க்குக் கூப்பிட வேண்டியதாகக்கூட இருக்கலாம். பெரியவர் ஒருவர் பிள்ளையுடன் தனியாக அறைக்கதவைச் சாத்திக்கொண்டு ஜெபிப்பதும் கிடையாது. சில பெரியவர்களுக்கு இது பிடிக்கவில்லை. "எங்களைச் சந்தேகப்படறீங்களா?" என்றார்கள். சந்தேகம் இல்லை அங்கிள், கதவு திறந்திருந்தால் காத்து வரும் என்றேன்.

இதெல்லாம் எனக்கு வந்தது ஓர் அக்காவிடமிருந்து. பிளஸ் டூ முடித்த வருஷம் எனக்குத் தூக்கமே போய்விட்டது. சாப்பாடு இறங்காது, அழுகை வராது, எதற்கு எழுந்திருக்க வேண்டும் என்று படுத்தே கிடப்பேன். ஒரு தலைவர், விசுவாசம் குறைவு, உபவாசம் இரு என்றார். சாப்பிடாமல் கிடப்பவளுக்கு உபவாசம்! நர்ஸ் அக்கா ஒருவர் குழுவில் இருந்தார். அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "செத்துப்போகணும்னு தோணுதாம்மா?" என்று நேராகவே கேட்டார். அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணம் முளைத்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். எனக்கு மூச்சு விட்ட மாதிரி இருந்தது.

மனநல மருத்துவமனை இருப்பதால் கீழ்ப்பாக்கம் என்றாலே கேலி பண்ணுகிற ஊர் இது. அம்மா டாக்டரிடம் போக ஒத்துக்கொள்ளவே இல்லை. "சுகருக்கு மாத்திரை போடறப்ப விசுவாசம் குறையுதா ஆன்ட்டி?" என்று அக்கா கேட்டார். முதல் மூன்று தடவை மனநல மருத்துவரிடம் எங்களுடன் அவரும் வந்தார், டூட்டி மாற்றிக்கொண்டு. காத்திருக்கும் பெஞ்சில் என் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி ஏதோ முணுமுணுப்பார். ஜெபம் என்று நினைத்து ஒருநாள் கேட்டேன். "இல்லடி, நாளைக்கு யாருக்கு எந்த ஷிஃப்டைத் திருப்பிக் குடுக்கணும்னு கணக்குப் போடறேன்" என்றார்.

கத்தோலிக்கன் ஒருவன்:

இங்கே முக்கால்வாசிப் பேர் சி.எஸ்.ஐ., தென்னிந்தியத் திருச்சபை, போலிருக்கிறது, நானும் உட்காரலாமா? ஆகஸ்ட் 29 பெசன்ட் நகர் மாதா கோயில் கொடியேற்றத்துக்கு எங்கள் பங்குக் கோயிலிலிருந்து இளைஞர்கள் நடந்து போவோம். முதல் வருஷம் பாதி வழியில் கால் கொப்புளித்து, ஆட்டோ பிடிக்கிறேன் என்று அழுதேன். எங்கள் அண்ணன் தடுக்கவில்லை. "பிடி, மாதா ஒண்ணும் சொல்ல மாட்டா" என்றார். ஆட்டோக்காரர் முந்நூறு ரூபாய் கேட்டார். நடந்தேன். என் விசுவாசத்தை அன்றைக்குக் காப்பாற்றியது அந்த ஆட்டோக்காரர்தான் என்று அண்ணன் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்.

அயனாவரம் தம்பி:

எல்லோருக்கும் நன்றி. வேப்பேரி தாத்தா, அந்தக் கண்ணாடிக் கூட்டை மறக்க முடியாது.

வெல்டர் அண்ணன் ரிட்டையர் ஆகிவிட்டார். கண்புரை ஆபரேஷன் முடிந்திருக்கிறது. கூட்டத்தைப் பார்த்துக்கொள்கிற வேலை இப்போது என் தலையில். பிளஸ் ஒன் படிக்கிற பையன் ஒருவன் ஆறு வாரமாக வரவில்லை. போன சனிக்கிழமை அவன் வீட்டுக்குப் போனேன். எனக்கு நைட் ஷிஃப்ட் கிடையாது, தூக்கமும் வரவில்லை, அதனால் பேசித் தொலைத்துவிட்டேன். அதிகமாகவே பேசிவிட்டேன். அவன் செல்போனைப் பார்த்தபடியே உம் கொட்டினான். அவன் ஆயா கொடுத்த காபியில் சர்க்கரை தூக்கல். கிளம்பும்போது, "நாளைக்கு நாற்காலி போட ஆள் இல்ல" என்றேன்.

அவன் வரவில்லை. நாற்காலியை நானே போட்டேன். இந்தச் சனிக்கிழமை மறுபடியும் போகிறேன்.