மக்காவ்: குடியிருந்தவனா, வீட்டுக்காரனா?

கடலோடி: சீனாவோட தென்கரையில இருக்கிற மக்காவைப் பத்திப் பக்கத்து இழையில ஒருத்தர் "மக்காவ் 1557 முதல் 1999 வரை 442 வருஷம் போர்ச்சுகல் காலனி"ன்னு எழுதிருக்கார். அதுக்கு லைக் வேற! வருஷத்துக்கு 500 டேல் (டேல்ங்கிறது பழைய சீன எடை) வெள்ளின்னு சீனாவுக்கு வாடகை கட்டினவன் போர்ச்சுகீசியன். வாடகை கட்டுறவன் வீட்டுக்காரனா?

செம்பருத்தி: எழுதினது நான்தான், பேரைச் சொல்லியே திட்டலாம். கவர்னர் யாரு? செனட்ங்கிற நகரசபை யாரோடது? செனாடோ சதுக்கத்துல கறுப்பும் வெள்ளையுமா அலை அலையாப் பதிச்ச கல்லைப் பாருங்க, அசல் லிஸ்பன்.

கடலோடி: எங்க மாடியில குடியிருந்தவரும்தான் டைல்ஸ் மாத்தினார். வீட்டை எழுதியா குடுத்தோம்? 500 டேல். அதுக்குப் பதில் சொல்லுங்க.

நடுநிலையான்: அமரால்னு ஒரு கவர்னர் 1849ல சீனச் சுங்கச்சாவடியை மூடினார், வாடகையும் நின்னுது. அதே ஆகஸ்ட்ல அவர் தலையை வெட்டிட்டாங்க. 1887 ஒப்பந்தத்துல சீனாவே போர்ச்சுகீசிய ஆட்சியை ஒத்துக்கிச்சு. ஆக, ரெண்டு பேர் சொல்றதும்...

கடலோடி: வந்துட்டார் நாட்டாமை. 1849க்கு முன்னாடி கட்டினது வாடகையா, மொய்யா? 1967ல மாவோ படத்துக்குக் கீழ மன்னிப்புக் கடிதத்துல கையெழுத்துப் போட்டதும் போர்ச்சுகீசிய கவர்னர்தான். நல்ல வீட்டுக்காரன்!

செம்பருத்தி: 1844 வரைக்கும் மக்காவ் கோவா நிர்வாகத்துக்குக் கீழ இருந்துச்சு. வாடகை வீட்டை ஆள இன்னொரு கண்டத்துலயா ஆபீஸ் போடுவாங்க?

கடலோடி: கோவாவும் சீனாவும் வேற வேற கண்டமா? பேஷ்.

செம்பருத்தி: சரி, வேற நாடு. விஷயத்துக்கு வாங்க.

சாப்பாட்டுராமன்: சண்டை கிடக்கட்டும். அங்க ஆப்பிரிக்கன் சிக்கன்ல தேங்காய், மஞ்சள்லாம் போடுறாங்க, நம்ம பக்கத்து வாசனை. எக் டார்ட்டும் போர்ச்சுகீசியர் வெச்சுட்டுப் போன சொத்து.

கடலோடி: இல்ல. மக்காவ் டார்ட்டை 1989ல அங்கேயே கொலோவான்கிற பகுதியில சுட ஆரம்பிச்சது ஆண்ட்ரூ ஸ்டோ, இங்கிலீஷ்காரர்.

சாப்பாட்டுராமன்: மூலம் லிஸ்பன் சார். கஸ்டர்டை அவரா கண்டுபிடிச்சார்?

புதுமுகம்: 1999ல சீனாவுக்குத் திரும்பின மக்காவுக்கு 2049 வரைக்கும் தன்னாட்சி, தனி நாணயம் பட்டாக்கா, போர்ச்சுகீசும் ஆட்சிமொழி. 2006லயே சூதாட்ட வருமானத்துல லாஸ் வேகாஸைத் தாண்டிடுச்சு. இதையெல்லாம் பேச மாட்டீங்களா?

கடலோடி: தம்பி, முதல்ல வாடகை. 500 டேல்.

செம்பருத்தி: கோவா விடுதலை 1947ன்னு போன மாசம் எழுதினவர் கணக்கு கேக்குறார்.

கடலோடி: அது தட்டச்சுப் பிழைன்னு அன்னிக்கே சொல்லிட்டேன்.

செம்பருத்தி: 61க்கும் 47க்கும் விசைப்பலகையில அவ்வளவு நெருக்கமா?

நடுநிலையான்: என்னை நாட்டாமைன்னதை வாபஸ் வாங்குங்க.

கடலோடி: மாட்டேன்.