தோஹா 2008: கத்தாரால் மட்டும் எப்படி முடிந்தது?

கேள்வி:
லெபனானின் ஆளும் தரப்பும் எதிர்த்தரப்பும் பெய்ரூட்டில் மாதக்கணக்கில் பேசியும் எட்ட முடியாத அரசியல் உடன்பாட்டை, கத்தார் 2008 மே மாதம் தன் தலைநகர் தோஹாவில் ஒரே வாரத்துக்குள் முடித்தது எப்படி?

பதில் 1:
ஒரு திருத்தம். கத்தார் தனியாக இல்லை, அரபு நாடுகளின் கூட்டமைப்பான அரபு லீக்கும் கூட இருந்தது. மே 7இல் தொடங்கிய சண்டையில் எதிர்த்தரப்பிலிருந்த ஆயுதம் தாங்கிய கட்சியான ஹிஸ்புல்லாவின் தரப்பு மேற்கு பெய்ரூட்டைப் பிடித்த பிறகுதான் எல்லோரும் தோஹாவுக்கு விமானம் ஏறினார்கள். அந்தப் பயம் இல்லாமல் எந்த மத்தியஸ்தரின் முயற்சியும் பலிக்காது.

பேரத்தில் முக்கியமானது அமைச்சர் எண்ணிக்கை. 30 அமைச்சர்: ஆளும் தரப்புக்கு 16, எதிர்த்தரப்புக்கு 11, அதிபருக்கு 3. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விலகினால் அரசு கவிழும் என்பது அரசியல் சட்டம். 10 பேர் போனால் நிற்கும், 11 பேர் போனால் விழும். அந்தப் பதினோராவது நாற்காலிக்குத்தான் அத்தனை இழுபறி!

பதில் 2:
அதே கணக்குதான் பிறகு வினையானது. 2009இல் ஆளும் தரப்பின் சஅத் ஹரீரி பிரதமராகி அமைத்த அமைச்சரவையில் அதே வரிசையில் 15-10-5. எதிர்த்தரப்புக்குப் பத்துதானே என்று ஆளும் தரப்பினர் நிம்மதியாக இருந்தார்கள். 2011 ஜனவரியில் அந்தப் பத்துப் பேரோடு அதிபர் பங்கிலிருந்த ஒருவரும் விலக, அரசு விழுந்தது.

கேள்வி கேட்டவர்:
ஹிஸ்புல்லாவின் ஆயுத விஷயம் தோஹாவில் என்ன ஆனது?

பதில் 1:
அரசியல் சண்டைக்கு ஆயுதம் எடுப்பதில்லை என்று எழுதியதோடு சரி. மீதியை அதிபர் தலைமையில் நடக்கவிருந்த பேச்சுக்குத் தள்ளிவிட்டார்கள். நாற்காலியைப் பங்கு போடலாம், துப்பாக்கியை எப்படிப் போடுவது?