வென்றுகொண்டிருந்தபோதே பயிற்சியாளரானது ஏன்?

கேள்வி:
செஸ் ஆட்டக்காரர் ஆர்.பி. ரமேஷ் 2002-இல் பிரிட்டிஷ் சாம்பியன் பட்டத்தையும் 2007-இல் காமன்வெல்த் பட்டத்தையும் வென்றவர். அதற்கு அடுத்த ஆண்டே மனைவி ஆர்த்தி ராமசாமியுடன் சென்னையில் செஸ் குருகுலத்தைத் தொடங்கிப் பயிற்சியின் பக்கம் திரும்பிவிட்டார். வெற்றிகள் வந்துகொண்டிருந்த காலத்தில் அப்படி முடிவெடுக்க வேண்டிய தேவை என்ன? பயிற்சி அளித்துக்கொண்டே போட்டிகளிலும் முழுமூச்சாகத் தொடர முடியாதா?

மறுமொழி 1:
முயலலாம், ஆனால் இரண்டில் ஒன்று மெலிந்துவிடும். போட்டியாளர் ஒருவர் கண்டுபிடிக்கும் புதிய தொடக்க நகர்த்தல் எதிராளிக்குத் தெரியாத வரைதான் மதிப்புடையது. பயிற்சியாளரோ அதை மாணவருக்குக் கொடுத்தே ஆக வேண்டும். அந்த மாணவரே அடுத்த போட்டியில் எதிரே அமரவும் கூடும். தன் ஆட்டத்தை அலச வேண்டிய நேரம் பிறருடைய ஆட்டங்களுக்குப் போய்விடுவது இன்னொரு சிக்கல். ரமேஷின் முடிவு என்ன தந்தது என்பதற்கு, 2018-இல் 12 வயதிலேயே செஸ்ஸின் உச்சப் பட்டமான கிராண்ட்மாஸ்டர் பட்டத்தைப் பெற்ற பிரக்ஞானந்தா, அவருடைய அக்கா வைஷாலி, அரவிந்த் சிதம்பரம், கார்த்திகேயன் முரளி ஆகிய ரமேஷின் மாணவர்களே சான்று. 2022-இல் மாமல்லபுரம் ஒலிம்பியாடில் வெண்கலம் வென்ற இந்திய ‘பி’ அணிக்கும் அவரே பயிற்சியாளர்.

மறுமொழி 2:
ரமேஷும் ஒரு கிராண்ட்மாஸ்டர்தான்; ஆனால் நல்ல பயிற்சியாளராவதில் அந்தப் பட்டத்தின் பங்கை மிகைப்படுத்த வேண்டாம். பெரும் பயிற்சியாளர்களில் ஒருவராக மதிக்கப்படும் மார்க் துவோரெத்ஸ்கி, கிராண்ட்மாஸ்டருக்கு ஒரு படி கீழான சர்வதேச மாஸ்டர் பட்டத்தைத் தாண்டியதே இல்லை. ஆயினும் அவருடைய மாணவர்களான யூசுபோவும் தல்மாத்தவும் முறையே 1977, 1978 ஆண்டுகளில் உலக ஜூனியர் சாம்பியன்களானார்கள். தமக்கு எளிதாகத் தோன்றுவதை விளக்கத் தெரியாத வலுவான ஆட்டக்காரர்கள் ஏராளம்.

மறுமொழி 3:
ஒப்புக்கொள்கிறேன். எனினும் ரமேஷ் பெரிதும் வலியுறுத்துவது, காய்களை நகர்த்தாமல் மனத்திலேயே நகர்த்தல் வரிசைகளைக் கணிக்கும் பயிற்சி; அதைக் கற்பிப்பதில் போட்டி அனுபவம் உதவாமல் இருக்காது. கடிகாரத்தில் சில நிமிடங்களே மீதமிருக்கையில் எந்த வரிசையை இன்னும் ஆழமாகப் பார்ப்பது, எங்கே நிறுத்திவிட்டுக் காயைத் தொடுவது என்ற தீர்ப்பு, அந்த நெருக்கடியில் பலமுறை சிக்கியவருக்கே நன்கு விளங்கும். என் பார்வையில் பட்டத்தைவிட இதுவே முக்கியம்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. அப்படியானால் பயிற்சியாளர்களுக்கென்று தனிப் பட்டம் உண்டா?

மறுமொழி 1:
உண்டு. உலகச் செஸ் கூட்டமைப்பான ஃபிடே தனியாகவே பயிற்சியாளர் பட்டங்களை வழங்குகிறது. அவற்றில் உச்சம் ‘ஃபிடே சீனியர் டிரெய்னர்’. கிராண்ட்மாஸ்டர் பட்டத்துக்குப் பொதுவாக மூன்று நார்ம்களும் (ஒரு போட்டித்தொடரில் அந்தத் தரத்தில் ஆடியதற்கான தகுதிக் கணக்கு), ஆட்டவலிமையைக் காட்டும் புள்ளியான ரேட்டிங் 2500-உம் தேவை. அந்தக் கணக்கு ஆடுபவரின் சொந்த ஆட்டத்தோடு முடிந்துவிடுகிறது. சீனியர் டிரெய்னர் பட்டத்துக்கோ மாணவர்களின் சாதனைகளும் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும்.