அவசரம்: தமிழ்ப் படிவத்தில் பிழைச்செய்தியை ஸ்கிரீன் ரீடர் வாசிக்க மாட்டேன் என்கிறது

குமரி_டெவ்
வணக்கம். ஒரு அரசுத் துறையின் தளங்களுக்கான டிசைன் சிஸ்டத்தை (எல்லாத் தளங்களும் பொதுவாக எடுத்துக்கொள்ளும் பக்க, படிவ வார்ப்புகள்) நான்தான் பார்த்துக்கொள்கிறேன். புது வெர்ஷனுக்கு மாறியதிலிருந்து, படிவத்தைத் தப்பாக நிரப்பினால் வரும் பிழைச்செய்தியை ஸ்கிரீன் ரீடர் (பார்வையற்றவர்களுக்குத் திரையை வாசித்துக் காட்டும் மென்பொருள்) வாசிப்பதில்லை. ஆக்ஸ் என்ற தானியங்கி அணுகல் சோதனைக் கருவியில் ஓட்டிப் பார்த்தேன், எல்லாம் பச்சை. திங்கள்கிழமை தணிக்கைக்கு ஆள் வருகிறார்கள். யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.

மதன்_ஃப்ரன்ட்எண்ட்
எந்த ஸ்கிரீன் ரீடர், எந்த பிரவுசர்? போனா, கணினியா? கோடு கொஞ்சம் போடுங்கள்.

ராசு99
இது லைவ் ரீஜன் (உள்ளே எழுத்து மாறினால் ஸ்கிரீன் ரீடர் தானாக வாசிக்கும் பகுதி) பிரச்சினைதான், சந்தேகமே வேண்டாம். பிழைச்செய்திக்கான பெட்டி பக்கம் திறக்கும்போதே காலியாக இருக்க வேண்டும். பெட்டியையும் செய்தியையும் ஒன்றாக உள்ளே நுழைத்தால் பல ஸ்கிரீன் ரீடர்கள் கவனிக்காது. முதலில் அதை மாற்றுங்கள்.

எழில்
எனக்கென்னவோ எழுத்துரு என்றுதான் படுகிறது. பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் அடித்த வரியை யாராவது ஒட்டியிருந்தால் கண்ணுக்குத் தமிழ் தெரியும், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள். தமிழக அரசு 2010-லேயே யூனிகோடுக்கு மாறச் சொல்லிவிட்டது. ஆனாலும் அலுவலகங்களிலிருந்து வரும் கோப்புகளில் இன்னும் பழைய எழுத்துருதான் வருகிறது. அந்தச் செய்தியை நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள்.

மதன்_ஃப்ரன்ட்எண்ட்
அவர் இன்னும் எந்த பிரவுசர் என்றே சொல்லவில்லையே, அதற்குள் மருந்து எழுதுகிறீர்கள்.

குமரி_டெவ்
மன்னிக்கவும், மீட்டிங்கில் இருந்தேன். விண்டோஸ் 11, குரோம், என்விடிஏ. யூனிகோடுதான், நோட்பேடில் சரியாக வருகிறது. லைவ் ரீஜன் வைக்கவில்லை. உள்ளீட்டுப் பெட்டியையும் பிழைச்செய்தியையும் ஏரியா-டிஸ்கிரைப்டுபை (ஒன்றுக்கான விளக்கம் எங்கே இருக்கிறது என்று காட்டும் குறி) வழியாக இணைத்திருக்கிறோம், தப்பான பதிவு என்று சொல்லும் ஏரியா-இன்வேலிட்டும் உண்டு.

சங்கர்_ஆடிட்
கேள்வி கேட்பதற்கு முன் டபிள்யூசிஏஜியை, அதாவது இணைய அணுகலுக்கான உலக விதிகளை, ஒரு முறை படித்திருக்கலாம். 3.1.1, பக்கத்தின் மொழி. ஏ நிலை, அதாவது அரிச்சுவடி. 2023-இல் வந்த ஜிஐஜிடபிள்யூ 3.0 (இந்திய அரசுத் தளங்களுக்கான வழிகாட்டி) கேட்பது டபிள்யூசிஏஜி 2.1-இன் ஏஏ நிலை. நீங்கள் ஏ நிலையையே தாண்டவில்லை. லேங் (மொழியைச் சொல்லும் குறி) போடவில்லை, அவ்வளவுதான். டிசைன் சிஸ்டம் நடத்துகிறவர் இதையெல்லாம் இங்கே வந்து கேட்கக் கூடாது.

குமரி_டெவ்
லேங் போட்டிருக்கிறேன் சார். பிழைச்செய்தியின் டேகிலேயே 'டிஏ' (தமிழ்) என்று இருக்கிறது. அம்புக்குறியால் கீழே போனால் விண்டோஸின் வள்ளுவர் என்ற குரல் தமிழில் தெளிவாக வாசிக்கிறது. டேப் அடித்துப் பெட்டிக்குள் வந்தால்தான் "இன்வேலிட் என்ட்ரி, எரர்" என்று சொல்லிவிட்டு நின்றுவிடுகிறது. ஆங்கிலப் பக்கத்தில் எந்தப் பிரச்சினையும் இல்லை.

செவிவழி
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம் தம்பி, பாதி வேலை முடிந்திருக்கும். நான் பார்வையற்றவன், தினமும் என்விடிஏவில்தான் வேலை.

"எரர்" என்ற சொல் கேட்கிறது என்றால் இணைப்பு வேலை செய்கிறது. அப்புறம் வரும் தமிழ்தான் விழுங்கப்படுகிறது. டிஸ்கிரைப்டுபை வழியாகப் போகும்போது பிரவுசர் பிழைச்செய்தியிலிருந்து வெறும் எழுத்துச் சரத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும். நீங்கள் டேகில் போட்ட லேங் அதோடு வராது. அந்தச் சரம் உள்ளீட்டுப் பெட்டியின் மொழியில் வாசிக்கப்படும். பெட்டிக்கென்று மொழி இல்லாவிட்டால் பக்கத்தின் மொழி. அது ஆங்கிலமாக இருந்தால் ஆங்கிலக் குரல் வரும், பல ஆங்கிலக் குரல்கள் தமிழ் எழுத்தைக் கண்டால் சத்தமில்லாமல் தாண்டிவிடும்.

தமிழ்ப் பக்கத்தின் மூலத்தைத் திறந்து எச்டிஎம்எல் டேகில் என்ன மொழி இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் சிஸ்டம் எதிலிருந்து எடுத்தது?

குமரி_டெவ்
பிரிட்டன் அரசுத் தளங்களுக்கான கோடுத் தொகுப்பு, கவ்.யூகே ஃப்ரன்ட்எண்ட். யாரும் எடுத்து மாற்றலாம் என்கிற எம்ஐடி உரிமம் என்பதால் எடுத்து மாற்றிக்கொண்டோம்.

செவிவழி
அப்படியென்றால் அதுதான். அதன் பக்க டெம்ப்ளேட்டில் எச்டிஎம்எல்லேங் என்று ஒரு மாறி உண்டு. எதுவும் கொடுக்காவிட்டால் 'இஎன்' (ஆங்கிலம்) என்று போட்டுக்கொள்ளும். அங்கே வெல்ஷ் மொழிப் பக்கங்களுக்கு 'சிஒய்' கொடுப்பார்கள். பிழைச்செய்திக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாமல் வரும் "எரர்" என்ற சொல்லும் ஆங்கிலத்திலேயேதான் இருக்கும், அதையும் "பிழை" என்று மாற்ற இடம் இருக்கிறது. முன்பு யாரோ டெம்ப்ளேட் கோப்பிலேயே கைவைத்து மாற்றியிருப்பார்கள், புது வெர்ஷன் வந்தபோது அது அழிந்திருக்கும். ஆக்ஸ் பச்சை காட்டியதும் அதனால்தான். லேங் இருக்கிறதா, செல்லுபடியாகும் மொழிக்குறியா என்றுதான் அந்தச் சோதனை பார்க்கும். உள்ளே இருப்பது தமிழா என்று பார்க்காது.

ஒரு சான்றிதழுக்கு விண்ணப்பிக்கிறோம், "இன்வேலிட் என்ட்ரி" என்று மட்டும் கேட்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தேதியின் வடிவம் தப்பா, குடும்ப அட்டை எண்ணில் ஓர் இலக்கம் குறைகிறதா, தெரியாது. கடைசியில் பக்கத்து வீட்டுப் பையனிடம் ஆதார் எண்ணிலிருந்து எல்லாவற்றையும் சொல்லி நிரப்பச் சொல்ல வேண்டும். அதனால் இதைச் சின்னப் பிழை என்று நினைக்காதீர்கள்.

ராசு99
அரசுத் தளங்களில் மேலே ஏ பிளஸ், ஏ மைனஸ் பட்டன்களோடு விட்ஜெட் வருமே, அதில் வாசித்துக் காட்டும் வசதியும் உண்டு. திங்களுக்குள் முடிக்க அதைப் போட்டுவிடலாமே?

செவிவழி
வேண்டாம். என் கணினியில் ஏற்கெனவே ஒரு குரல் பேசுகிறது, தளமும் பேச ஆரம்பித்தால் இரண்டும் புரியாது. இந்த விட்ஜெட்டை வைத்துவிட்டு மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகல் முடிந்தது என்று சொல்லும் பழக்கம்தான் நம்மைக் கெடுக்கிறது.

எழில்
எல்லோருக்கும் அப்படி இல்லை சார். என் அப்பாவுக்குக் கண்புரை. பிரவுசரில் பெரிதாக்கத் தெரியாது, அந்த ஏ பிளஸைத்தான் அழுத்துவார்.

சங்கர்_ஆடிட்
டபிள்யூசிஏஜி 1.4.4 படி எழுத்தை 200 சதவீதம் வரை பெரிதாக்கினாலும் பக்கம் உடையக் கூடாது. பிரவுசரின் ஜூமே அதற்குப் போதும், பட்டன் கட்டாயமில்லை.

எழில்
கட்டாயமா என்று நான் கேட்கவில்லை. இருக்கிறதை எடுக்காதீர்கள் என்கிறேன்.

செவிவழி
எழில் சொல்வது சரி, அந்தப் பட்டன் இருக்கட்டும். நான் எதிர்ப்பது, மேலே ஒட்டிவிட்டு அடியில் இருக்கும் படிவத்தைச் சரிசெய்யாமல் விடுவதை. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் டிஜிட்டல் அணுகலை அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவின் வாழ்வுரிமைக்குள் கொண்டுவந்தது. அந்த வழக்கே கேஒய்சியை (வங்கி போன்ற இடங்களில் அடையாளம் சரிபார்ப்பது) முடிக்க முடியாமல் நின்றவர்கள் போட்டதுதான்.

மதன்_ஃப்ரன்ட்எண்ட்
குமரி, சரிசெய்யும்போது திரும்பவும் அந்தக் கோப்பிலேயே கைவைக்காதீர்கள். மொழியை வெளியிலிருந்து கொடுங்கள், அப்போதுதான் அடுத்த வெர்ஷனில் அழியாது. தமிழ்ப் பக்கத்தின் எச்டிஎம்எல் டேகில் 'டிஏ' இல்லாவிட்டால் வெளியீடே நிற்கும்படி ஒரு டெஸ்டும் எழுதுங்கள். பக்கம் தமிழுக்கு மாறியதும் ஆங்கிலத்தில் இருக்கும் வரிகளுக்கு 'இஎன்' போட வேண்டும், அது டபிள்யூசிஏஜி 3.1.2. டெம்ப்ளேட்டை நகலெடுத்துத் தனியாக வைத்திருக்கும் தளங்கள் இருக்கின்றனவா?

சங்கர்_ஆடிட்
லேங் என்று நான் முதலிலேயே சொன்னேன்.

மதன்_ஃப்ரன்ட்எண்ட்
சொன்னீர்கள். எந்த டேகில் என்பதும் அது ஏன் பெட்டிக்குப் போய்ச் சேரவில்லை என்பதும்தான் அவருக்குத் தேவைப்பட்டது.

குமரி_டெவ்
எச்டிஎம்எல்லில் 'இஎன்'தான் இருந்தது. மாற்றியதும் டேப் அடித்தாலே "பிழை: பிறந்த தேதியை நாள், மாதம், ஆண்டு என்று எழுதவும்" என்று முழுதாக வாசிக்கிறது. ரொம்ப நன்றி செவிவழி அண்ணா, மதன். நகலெடுத்த தளங்கள் இருக்கின்றன, மாவட்ட அலுவலகங்கள். பட்டியல் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

செவிவழி
நல்லது. ஆண்ட்ராய்டு போனின் ஸ்கிரீன் ரீடரான டாக்பேக்கிலும் ஒரு முறை பாருங்கள், எங்களில் நிறையப் பேர் போனில்தான் விண்ணப்பிக்கிறோம். ஓடிபி நேரம் முடிந்ததும் வரும் பெட்டி எந்த மொழியில் பேசுகிறது?