யூஎஸ்டிஏ லீக்: டபுள்ஸ் ஸ்கோர் ரேட்டிங்கை எப்படி மாற்றும்?

வணக்கம். அமெரிக்காவில் யூஎஸ்டிஏ (அமெரிக்க டென்னிஸ் சங்கம்) லீக் ஆடுகிறவர்கள் கொஞ்சம் விளக்க முடியுமா?

இந்த வருடம்தான் சேர்ந்தேன். கேள்விகளுக்குப் பதில் சொல்லி என் ஆட்டத் திறன் 3.0 என்று நானே மதிப்பிட்டதால் என் ரேட்டிங்கோடு 'எஸ்' இருக்கிறது. வெளியே தெரிகிற என்டிஆர்பி எண் (இந்த ரேட்டிங்குக்கு அதுதான் பெயர்) அரைப் புள்ளி அரைப் புள்ளியாகத்தான் நகரும். உள்ளே நூறில் ஒரு பங்கு வரை ஒரு கணக்கு ஓடுகிறது. அதை நமக்குக் காட்டுவதில்லை. வெற்றி தோல்வியை விட, எதிரணியின் ரேட்டிங்குக்கு எத்தனை கேம் எடுத்திருக்க வேண்டும், எத்தனை எடுத்தோம் என்பதுதான் அதில் முக்கியம். இதுவரை சரி.

டபுள்ஸில்தான் குழம்புகிறேன். போன சனிக்கிழமை 6-1, 6-2 என்று ஜெயித்தோம். கூட்டாளி நெட்டில் நின்று வந்த பந்தையெல்லாம் வெட்டி முடித்தார். என் பேக்ஹேண்டோ பாதிக்கு மேல் வலையில்தான் விழுந்தது. அந்த ஸ்கோரின் பலன் என் கணக்கிலும் ஏறுமா?

ஏன் கேட்கிறேன் என்றால், உள்கணக்கு அந்த லெவலின் வரம்பை மிகவும் தாண்டினால் ஒரு ஸ்ட்ரைக்; 'எஸ்' ஆட்டக்காரருக்கு அப்படி மூன்று ஸ்ட்ரைக் விழுந்தால் சீசன் நடுவிலேயே தகுதி நீக்கம். என்னால் அணிக்குப் பாதிப்பு வந்துவிடக் கூடாது, அதுதான் என் கவலை. கேப்டனாக இருந்தவர்கள், இப்படி ஒருவரை சிங்கிள்ஸில் இறக்குவீர்களா? அனுபவத்தைச் சொல்லுங்கள்.